அரைப்புள்ளிக்கு எந்த நாவல்?

எங்கள் ஊர்க் கோயிலின் புள்ளிக் கணக்கில் என் அப்பத்தாவின் பெயருக்கு நேரே ஐம்பது வருஷத்துக்கு மேல் ‘அரை’ என்றுதான் எழுதியிருந்தது. நகரத்தார் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி வசூலிப்பது இந்தப் புள்ளிக் கணக்கில்தான். கணவர் போய்விட்டால் மனைவி அரைப்புள்ளி. வரியும் பாதிதான் என்பதால் இதைச் சலுகை என்றே பெரியவர்கள் சொல்வார்கள். சலுகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு வயதில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “அப்பத்தா, நீங்க ஏன் அரை?” என்று கேட்டேன். இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த அப்பத்தா, விரலை நிறுத்தாமலே, “மீதி அரை ரங்கூன்ல போயிருச்சு” என்றார்.

இது இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம் எங்கள் வாசிப்புக் கூட்டம். காரைக்குடியில் நாங்கள் பன்னிரண்டு பேர், மாதத்தில் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு முகப்பில் கூடி, புத்தகத்தைச் சத்தமாகப் படித்துப் பேசுகிறோம். வரும் ஆறு மாதத்துக்கு ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகளில் கைம்பெண்’ என்று தலைப்பு முடிவாயிற்று. எந்தப் புத்தகம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு பேரில் ஆங்கிலம் சிரமமில்லாமல் படிப்பவர்கள் ஐந்து பேர். ஒரு பெண் கல்லூரி இரண்டாம் வருஷம். எல்லாருக்கும் மூத்தவர் ஒரு ஆச்சி: 81 வயது, 26 வயதில் கணவரை இழந்தவர், இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாயிற்று, காது மட்டும் பாம்புக்காது. ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இதற்குள் அடங்க வேண்டும்.

முதலில் கழித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாடே ஆளுகிறாள். படிக்கச் சுகமான புத்தகம், ஆனால் நம் விஷயம் அதில் மையம் இல்லை. கமலாம்பாள் சரித்திரம் எனக்கு உயிர். அதில் கமலாம்பாள் படுவது கணவன் இருக்கும்போதே படுகிற பாடு. மலையாளத்து இந்துலேகா (1889) தாய்வழியில் சொத்து இறங்குகிற மருமக்கள்தாயக் குடும்பத்துப் பெண்ணின் கதை, அந்த உலகமே வேறு. தாகூரின் விநோதினி புத்தகமாக வந்தது 1903இல், நூற்றாண்டு தாண்டிவிட்டது. இதில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். இருந்துவிட்டேன்.

மிச்சம் ஐந்து. மாதவையாவின் முத்துமீனாட்சி, வங்காளத்துப் பங்கிம் சந்திரரின் கிருஷ்ணகாந்தனின் உயில், கிருபாபாய் சத்தியநாதனின் கமலா, ஜார்ஜ் எலியட்டின் மிடில்மார்ச், ஆன் பிராண்டியின் வைல்ட்ஃபெல் ஹால் வீட்டுக் குடித்தனக்காரி.

நான் முதலில் போட்ட வரிசை மிகச் சுலபமானது. நாவலின் கடைசியில் அவளுக்கு மறுமணம் நடக்கிறதா இல்லையா? நடந்தால் முற்போக்கு, நடக்காவிட்டால் பிற்போக்கு. அந்தக் கணக்கில் முத்துமீனாட்சிக்கு முதலிடம், பங்கிம் கடைசி. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் அப்பத்தாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

அந்தப் பெட்டியில் துணி கொஞ்சம், காகிதம் நிறைய. வட்டிச் சிட்டைகள், ஒரு முறைச்சிட்டை, பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, பத்திரம். என் அப்பச்சி, அதாவது அப்பா, அப்பத்தா வயிற்றில் பிறந்தவர் அல்ல, பங்காளி வீட்டிலிருந்து கூட்டி வந்த பிள்ளை. அப்பத்தா மறுமணத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தன் சீதனப் பணம் எந்தக் கடையில், என்ன வட்டியில், யார் பொறுப்பில் இருந்தது என்று சாகும்வரை பைசா பிசகாமல் சொல்வார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டியார்களின் பேரேட்டில் ‘ஆச்சிமார் பணம்’ என்று ஒரு தனி இனமே உண்டு. பெண்கள் கொண்டுவந்த பணம், அவர்கள் பெயரில், வட்டிக்கு. பர்மாவிலும் மலேயாவிலும் புரண்ட முதலில் அதற்கும் பங்கு இருந்தது. மூன்று வருஷக் கணக்குக்குப் போன கணவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், வீட்டுப் பெண்ணின் நிலையை முடிவு செய்தது அந்தப் பேரேட்டு வரிதான்.

இந்தச் சீமையின் பெரிய வழக்குகளும் அப்படியே. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கு அந்நாளைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1863இல் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. ஜமீன் அவருடைய தந்தை தானே சம்பாதித்தது, ஆகவே அண்ணன் தம்பி வழிக்குப் போகாது, மனைவிக்கும் பிறகு மகளுக்கும்தான் என்று தீர்ப்பு. 1868இல் ராமநாதபுரம் வழக்கு: கணவன் அனுமதி எழுதி வைக்காமல் செத்திருந்தாலும், சபிண்டர்கள், அதாவது பங்காளிகள், சம்மதித்தால் கைம்பெண் பிள்ளை கூட்டிக்கொள்ளலாம் என்றது அதே பிரிவி கவுன்சில். என் அப்பச்சி எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு வகையில் அந்தத் தீர்ப்பு வாசற்படி. தமிழில் முதல் நாவல் அச்சேற இன்னும் பதினொரு வருஷம் இருந்தது. அதற்குள் இந்த மண்ணின் நாச்சியார்கள் கோர்ட்டில் கதை முடித்திருந்தார்கள்.

ஆகவே அளவுகோலை மாற்றிக்கொண்டேன். அவள் மறுபடி கல்யாணம் செய்தாளா என்பது இரண்டாவது கேள்வி. காகிதம் யார் கையில், சாவி யார் இடுப்பில், இதுதான் முதல் கேள்வி. இப்படிக் கேட்டதும் வரிசை தலைகீழாகிவிட்டது.

முத்துமீனாட்சியிலிருந்து தொடங்குகிறேன். மாதவையா இதை முதலில் 1892இல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் ‘சாவித்திரி’ என்ற புனைபெயரில் தொடராக எழுதினார். பாதியில் நின்றது. 1903இல் முத்துமீனாட்சி என்ற பெயரில் புத்தகமாயிற்று. புத்தக ஆண்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இதையும் விநோதினியோடு கழித்திருக்க வேண்டும். தொடங்கிய ஆண்டைக் கணக்கில் வைத்து உள்ளே விட்டேன். இது பாரபட்சம்தான், மறைக்கவில்லை. எழுத ஆரம்பித்தபோது மாதவையாவுக்கு இருபது வயது. சென்னையில் விஷயம் சூடாக இருந்த காலம். மூன்று வருஷம் முன்புதான், 1889இல், பத்திரிகையாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைம்பெண்ணான தன் மகளுக்கே மறுமணம் செய்து வைத்துச் சாதிக்காரர்களின் ஒதுக்கலை வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் புத்தகத்தின் பலம் குரல். பிராமணப் பெண் ஒருத்தி, தானே தன் கதையைச் சொல்கிறாள். குழந்தையில் கல்யாணம், மாமியார் வீடு, கைம்மை, கடைசியில் மறுமணம். சத்தமாகப் படிக்க இதைப்போல இன்னொன்று கிடையாது. சின்னது, இரண்டு அமர்வில் முடியும், மறுபதிப்புகள் கிடைக்கின்றன. ஒரு ஆண் பெண் பெயரில் ஒளிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்பதும் பேச நல்ல விஷயம். அதே நூற்றாண்டில் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் ஒளிந்தார், ஆன் பிராண்டி ஆக்டன் பெல் ஆனார். பெண்ணின் துன்பத்தைப் பெண் சொன்னால் எடுபடும் என்று இங்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அறிவாளித்தனமான நாவலை ஆண் எழுதினால்தான் எடுபடும் என்பது அங்கே போட்ட கணக்கு.

குறை என்ன என்றால், என் புதிய கேள்விக்கு முத்துமீனாட்சி பதில் சொல்வதில்லை. அவளுக்கு நடந்த கொடுமை எல்லாம் உடம்பிலும் மனசிலும் நடப்பது. தீர்வு நல்ல மனசுள்ள ஆண்கள் மூலம் வருகிறது. அவளுக்கு என்று ஒரு ரூபாய் இருந்ததா, இருந்தால் எங்கே என்று மாதவையா நின்று விசாரிப்பதில்லை. இருபது வயதுப் பையனுக்கு அது தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று: இது பிராமண வீட்டுக் கதை. தலைமழித்தல், மூலையில் உட்கார வைத்தல் எல்லாம் அந்த வீட்டுக் கொடுமைகள். நம் ஆச்சிகள் அதைக் கேட்டு “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டு, தங்களுக்கு அது நடக்கவில்லை என்ற நிம்மதியில் எழுந்துபோய்விடும் ஆபத்து இருக்கிறது. வெள்ளைச் சேலையும், நல்ல காரியத்தில் முன்னே வராமல் வளவுத் தூணுக்குப் பின்னால் நிற்பதும் நம் வீட்டுச் சரக்கு. அவரவர் வீட்டுக் கொடுமை அவரவருக்கு வழக்கமாகத்தான் தெரியும்.

கிருஷ்ணகாந்தனின் உயில் (1878) இதற்கு நேர் எதிர். பெயரிலேயே காகிதம். முதல் அதிகாரத்திலேயே பெரியவர் கிருஷ்ணகாந்தர் சொத்தை அணாக் கணக்கில் பங்கு போடுகிறார்: தம்பி மகன் கோவிந்தலாலுக்கு எட்டணா, தன் மகன்கள் இருவருக்கும் தலைக்கு மூன்றணா, மனைவிக்கு ஓரணா, மகளுக்கு ஓரணா. பதினாறணாவில் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து இரண்டணா. மூத்த மகன் ஹரலால் கொதிக்கிறான். பங்கைக் கூட்டாவிட்டால் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அப்பாவை மிரட்டுகிறான். 1856இல் கைம்பெண் மறுமணம் சட்டப்படி செல்லும் என்று ஆன பிறகு, அது ஒரு குடும்பத்தில் மகன் கையில் மிரட்டல் ஆயுதமாக மாறிவிட்டதைப் பங்கிம் எவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்கிறார் பாருங்கள். அவர் டெபுடி மாஜிஸ்திரேட். நாள் முழுக்கப் பத்திரங்களோடு இருந்தவர்.

ரோகிணி வருகிறாள். இளம் விதவை. உயிலைத் திருடி மாற்றி வைத்தால் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஹரலால் சொல்கிறான். அவள் செய்கிறாள். திருடியைக் கட்ட மாட்டேன் என்று அவன் போய்விடுகிறான். பிறகு குளத்தில் விழுந்து சாகப்போகும் அவளைக் கோவிந்தலால் காப்பாற்றுகிறான், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து. அங்கேதான் எல்லாம் ஆரம்பம். அவனுடைய மனைவி பிரமர், கறுப்பு, சின்னப் பெண், ரோஷக்காரி. பெரியவர் சாகுமுன் உயிலை மறுபடி மாற்றி, கோவிந்தலாலின் பங்கைப் பிரமர் பெயருக்கு எழுதிவிடுகிறார். கணவனைத் திருத்துவதற்காக மனைவி கையில் சொத்து. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. வீட்டை விட்டுப் போய், ரோகிணியோடு இருந்து, கடைசியில் அவளைச் சுட்டுக் கொல்கிறான்.

பங்கிம் ரோகிணியைக் கொன்றது எனக்கு ஆறவே இல்லை. பின்னால் வந்த வங்க நாவலாசிரியர் சரத்சந்திரரே அதைக் குறை சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன் எழுதிய விஷ விருட்சத்திலும் (1873) விதவை குந்தநந்தினிக்கு விஷம்தான். அதில் மறுமணம் முறையாக நடந்தும் அவள் பிழைக்கவில்லை. விதவைக்குக் கல்யாணம் செய்து வைப்பவர் பண்டிதர் என்றால் மூடர் யார் என்று, மறுமணத்துக்காகப் போராடிய வித்யாசாகரைக் குத்தி ஒரு வரியும் உண்டு. மனிதர் கட்சி எது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சொல்கிறேன், இந்த ஐந்து பேரில் காகிதத்தின் பலத்தை அறிந்த இந்தியர் அவர் ஒருவர்தான். ரோகிணிக்கு ஆசை இருக்கிறது, அறிவு இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது. உயிலை மாற்றி வைக்கிற விரல் அவளுடையது. உயிலில் அவள் பெயர் மட்டும் எங்கும் கிடையாது. இதை எழுதத் தெரிந்தவருக்கு அதன் அநியாயம் தெரியாமல் இருந்திருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டேயிருக்கிறேன்.

இங்கே 1856ஆம் வருஷச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மிடில்மார்ச்சுக்கு அதுதான் கதவு. மறுமணம் செல்லும் என்று முதல் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதோடு முடிந்தது. இரண்டாம் பிரிவு: அவள் மறுமணம் செய்துகொண்டால், இறந்த கணவர் வழியாக அவளுக்கு வந்த சொத்துரிமை, அவள் அப்போதே செத்துப்போனது போல, முடிந்துவிடும், சொத்து அடுத்த வாரிசுக்குப் போகும். இதற்கு மேல் ஒரு வேடிக்கை. கணவர் சொத்து கைக்கு வந்த பிறகு கைம்பெண் நடத்தை தவறினாள் என்பதற்காக அதைப் பிடுங்க முடியாது என்று 1880இல் பிரிவி கவுன்சில் ஒரு அஸ்ஸாம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆக, ஊரறியத் தாலி கட்டிக்கொண்டவள் சட்டத்தின் கண்ணில் செத்தவள், கட்டிக்கொள்ளாமல் இருந்தவள் உயிரோடு இருப்பவள். இந்த 1856 சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 1983இல்தான். எங்கள் ஆச்சி கைம்பெண்ணானபோதும் அது ஏட்டில் இருந்தது. 1956 வாரிசுரிமைச் சட்டம் வந்து அதன் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கியிருந்தது என்பது வேறு.

இப்போது மிடில்மார்ச். 1871-72இல் எட்டுப் பகுதிகளாக வந்தது. டொரோதியா என்ற பெண், வயதான புத்தகப்புழு கசாபனைத் தானே விரும்பிக் கட்டிக்கொள்கிறாள். ஒன்றரை வருஷத்தில் அவர் போய்விடுகிறார். பிறகு தங்கை சீலியா, ஊர்க்கதை சொல்வது போல ஒரு செய்தியைப் போட்டு உடைக்கிறாள்: கசாபன் உயிலில் ஒரு பின்சேர்க்கை எழுதி வைத்திருக்கிறார்; டொரோதியா அவருடைய உறவுக்காரப் பையன் வில் லாடிஸ்லாவைக் கட்டினால் சொத்து முழுவதும் போய்விடும். படிக்கும்போது எனக்கு ஆங்கிலேய வாசகர்களைப் போல அதிர்ச்சி வரவில்லை. அட, இது நம் இரண்டாம் பிரிவு அல்லவா என்றுதான் தோன்றியது. அங்கே ஒரு பொறாமைக்காரக் கிழவர் தன் மனைவிக்கு மட்டும், ஒரே ஒரு ஆளைக் குறித்து எழுதியதை, இங்கே அரசாங்கம் எல்லாப் பெண்ணுக்கும், எல்லா ஆளையும் குறித்து எழுதி வைத்திருந்தது. கசாபன் செய்தது ஈனம் என்று அந்த நாவலில் எல்லாருக்கும் தெரிகிறது. இங்கே அதற்குப் பெயர் சீர்திருத்தம்.

எனக்கு மறக்காத காட்சி வேறு. ஐம்பத்தைந்தாம் அதிகாரம். வெயில் நேரம். டொரோதியா தலையில் விதவைத் தொப்பி, முகத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. சீலியாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, முடிச்சை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றி ஒரு நாற்காலியில் எறிகிறாள். கூந்தல் விடுபடுகிற அந்த நேரம் பார்த்து உள்ளே வருகிற தங்கை கணவர், “ஆ!” என்கிறார், திருப்தியாக. அவ்வளவுதான் காட்சி. ஒரு துணி, அதை யார் கழற்றலாம், எப்போது கழற்றலாம், கழற்றினால் ஆண்கள் முகம் எப்படி மாறும். எங்கள் ஆச்சி வெள்ளையிலிருந்து சாம்பல் கரை போட்ட சேலைக்கு மாறியது பேத்தி கல்யாணத்தில். மாற்றச் சொன்னது தங்கைதான். ஆச்சி அதைச் சொல்லும்போது சேலையைப் பற்றிச் சொல்ல மாட்டார். அன்றைக்கு யார் யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்.

கடைசியில் டொரோதியா கசாபனின் சொத்தை விட்டுவிட்டு வில்லைக் கட்டிக்கொள்கிறாள். தியாகம் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவளுக்குத் தாய் தந்தை வழியில் வருஷத்துக்கு எழுநூறு பவுன் தனியாக வருகிறது. அதை வைத்தே வாழலாம் என்று அவளே சொல்கிறாள். எங்கள் ஊர் மொழியில் சொன்னால் ஆச்சிமார் பணம். அது இல்லாத டொரோதியா என்ன செய்திருப்பாள்? ரோகிணியிடம் எழுநூறு பவுன் இருந்திருந்தால் ஹரலால் அவளிடம் அப்படிப் பேசியிருப்பானா?

இவ்வளவு சொன்ன பிறகு மிடில்மார்ச்சைத்தான் எடுப்பேன் என்று நினைப்பீர்கள். முடியாது. எண்பத்தாறு அதிகாரம், பெரும்பாலான பதிப்புகளில் எண்ணூறு பக்கத்துக்குக் குறையாது. பன்னிரண்டில் ஏழு பேருக்கு நான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ரயில்வே, ஓட்டுரிமை மசோதா, வைத்தியர் லிட்கேட்டின் கடன் என்று அது பாட்டுக்கு விரியும். தனியாகப் படிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து இல்லை. பந்தியில் பரிமாற ஆகாது.

ஆன் பிராண்டியின் நாவல் (1848) கேள்வியையே திருப்பிப் போடுகிறது. ஹெலன் என்பவள் குடிகாரக் கணவனிடமிருந்து பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வேற்றூரில் திருமதி கிரஹாம் என்ற பெயரில் விதவையாக நடிக்கிறாள். படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள். அந்தக் கால இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்தது கணவனுடையது. 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. கல்யாணமாகாதவளோ விதவையோதான் தன் பெயரில் தன் பணத்தை வைத்துக்கொள்ளலாம். ஆக அங்கே ஒரு பெண் மனிதராக நடமாட விதவை வேஷம் போட வேண்டியிருந்தது. இங்கே யாராவது அப்படி வேஷம் போடுவார்களா? ஆச்சியிடம் இந்தக் கதையை ஒருநாள் சொன்னேன். “கெட்டிக்காரி. வெள்ளையக் கட்டிக்கிட்டா ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான்” என்றார். பிறகு ஏதோ நினைத்துச் சிரித்துக்கொண்டார், என்ன என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் நாட்குறிப்பாகவும் கடிதமாகவும் வருகிற, குடிகாரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிற நாவல் இது. கேட்பவர்கள் ஆள் மாறாட்டத்தில் தொலைந்துவிடுவார்கள்.

கமலா (1894) மேல் எனக்கு மரியாதை அதிகம், பாசம் குறைவு. கிருபாபாய் சத்தியநாதன் அகமத்நகரில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து உடம்பு முடியாமல் விட்டவர், நாவல் வந்த வருஷமே முப்பத்திரண்டு வயதில் இறந்தவர். சாகக் கிடந்துகொண்டு எழுதியது என்ற நினைப்போடுதான் அதைப் படிக்க முடிகிறது. கமலா கைம்பெண்ணாகிறாள். அவளை உண்மையாக விரும்பும் ராமச்சந்தர் கல்யாணத்துக்குக் கேட்கிறார். அவள் மறுத்துவிட்டு, கைக்கு வந்த செல்வத்தை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் செலவிடுகிறாள். மறுமணக் கணக்கில் இது தோல்வி. என் கணக்கில் அப்படியில்லை: செல்வம் அவள் கையில், என்ன செய்வது என்ற முடிவும் அவளுடையது. செட்டிநாட்டில் கைம்பெண்கள் கட்டிய சத்திரங்களையும் தர்மங்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முடிவு விளங்கும். ஆனால் கமலா ஏன் மறுத்தாள் என்ற இடத்தில் ஆசிரியர் அவசரமாக நல்லவளாக்கிவிட்டுப் போய்விடுகிறார். மறுத்த இரவு அவள் தூங்கினாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நடுவில் ஒருவர் கேட்டார், இந்த நாவல்களை விட்டுவிட்டு நம் ஊர் விஷயத்தையே எடுத்தால் என்ன, சொ. முருகப்பாவும் மரகதவல்லியும் 1930களில் இங்கிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஒரு பத்திரிகையே நடத்தினார்களே என்று. நியாயமான கேள்வி. அது அடுத்த வருஷத்துக்கு. அந்தப் பத்திரிகையின் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, அதற்கு முந்தைய ஐம்பது வருஷக் கதைகளைப் படித்திருக்க வேண்டும். பழைய நாவல்களை இந்த ஊரில் படிப்பதற்கு இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா செட்டியார் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அவை சென்னைக்கு ஆராய்ச்சி நூலகமாகப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சில் எவ்வளவோ இன்று நமக்குக் கிடைப்பது அந்த ஒரு வீட்டால்.

சரி, முடிவு. இரண்டு புத்தகம் எடுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். முதல் இரண்டு அமர்வு முத்துமீனாட்சி, நேரடித் தமிழ், எல்லாரும் மாற்றி மாற்றிப் படிக்கலாம், கல்லூரிப் பெண் படித்தால் இன்னும் பொருந்தும். அடுத்த மூன்று அமர்வு கிருஷ்ணகாந்தனின் உயில். ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து அமர்வுக்கு அமர்வு நானே தமிழாக்கிக் கொண்டுவருகிறேன். ஆறாவது அமர்வில் மிடில்மார்ச்சின் மூன்று அதிகாரம் மட்டும்: பின்சேர்க்கை தெரியவருகிற ஐம்பது, தொப்பி கழல்கிற ஐம்பத்தைந்து, எழுநூறு பவுன் வருகிற எண்பத்து மூன்று. முன்கதையை நான் வாயால் சொல்லிவிடுவேன். கமலாவை ஆங்கிலம் படிப்பவர்கள் வீட்டில் படித்துக்கொள்ளட்டும்.

பங்கிம் விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, அதையும் சொன்னேன். விதவையைக் கெட்டவளாக்கிச் சுட்டுக் கொல்கிற நாவலை ஆச்சி முன்னால் வைத்துப் படிப்பது சரியா? எல்லாரும் ஆச்சியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. “ஏத்தா, நான் என்ன கண்ணாடிச் சாமானா? எங்க காலத்துல பேசாததா?” என்றார். பிறகு அவரே வரிசையை மாற்றிவிட்டார். அழுகிற கதை அப்புறம் இருக்கட்டும், உயிலை முதலில் படிக்கலாம் என்றார். எட்டணாவும் மூன்றணாவும் ஓரணாவும் அவருக்கு ஒரு தடவை கேட்டதும் மனசில் உட்கார்ந்திருந்தது. “பொண்டாட்டிக்கும் ஓரணா, மகளுக்கும் ஓரணாவா? அதைக் காகிதத்துல போட்டுப் பாக்கணும். கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா.”

ஆகவே முதல் அமர்வு உயில். முதல் நான்கு அதிகாரத்தைத் தமிழாக்கி, பெரிய எழுத்தில் பன்னிரண்டு பிரதி எடுத்துவிட்டேன். நோட்டு இன்னும் வாங்கவில்லை.